பியூலாவின் குரல் யாருடையது?

1944 ஜனவரி. அமெரிக்காவின் என்.பி.சி. வானொலியில் ‘ஃபிபர் மகீ அன்ட் மொலி’ என்ற நகைச்சுவைத் தொடர் நேரடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. கலையகத்துக்குள் பார்வையாளர்களும் இருக்கிறார்கள். ஒரு நடிகர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தன் முறை வந்ததும் சட்டென்று திரும்பி, ஒரு கறுப்பின வேலைக்காரப் பெண்ணின் குரலில் கத்துகிறார். கூடம் அதிரச் சிரிப்பு. ஏன் எண்டு கேட்டால், திரும்பியவர் ஒரு வெள்ளைக்கார ஆண். பெயர் மார்லின் ஹேர்ட். அவர் பேசிய பாத்திரத்தின் பெயர் பியூலா.

இந்தப் பகிடி சனத்துக்கு நல்லாப் பிடித்துப்போக, 1945இல் பியூலாவுக்கென்றே தனித் தொடர் தொடங்கியது. 1946 மார்ச்சில் ஹேர்ட் மாரடைப்பால் இறந்தார். அடுத்த வருடம் பியூலா திரும்பி வந்தபோது குரல் கொடுத்தவர் பொப் கோர்லி. அவரும் வெள்ளைக்காரர், அவரும் ஆண். 1947 நவம்பர் 24ஆம் திகதிதான் முதன்முறையாக ஒரு கறுப்பினப் பெண் பியூலாவாகப் பேசினார். அவர் ஹட்டி மக்டானியல்.

‘கோன் வித் த விண்ட்’ படத்தில் மம்மி என்ற பணிப்பெண்ணாக நடித்து ஒஸ்கார் வாங்கியவர் என்றால் சினிமா பார்க்கிறவர்களுக்கு ஞாபகம் வரும். அந்த ஒஸ்கார் கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நாங்கள் இங்கே கதைக்க வருவது அவருடைய வானொலி வாழ்க்கையைப் பற்றி. ஒரு கறுப்பினப் பெண்ணின் பாத்திரம் ஒரு கறுப்பினப் பெண்ணிடம் வந்துசேர ஏன் இவ்வளவு காலம் எடுத்தது? வந்துசேர்ந்த பிறகு அவர் அதை என்ன செய்தார்?

முகம் தெரியாத மேடை

வானொலியில் முகம் தெரியாது, தோலின் நிறம் தெரியாது. அப்படியென்றால் நிறவெறிக்கு அங்கே வேலை இருக்காது என்றுதானே நினைக்கத் தோன்றும்? நடந்தது நேர்மாறு.

1928இல் சிக்காகோவில் தொடங்கிய ‘ஏமஸ் அன்ட் அண்டி’ அந்தக் கால அமெரிக்காவில் மிகப் பெரிய வரவேற்புப் பெற்ற தொடர்களில் ஒன்று. கதை இரண்டு கறுப்பின ஆண்களைப் பற்றியது. பேசியவர்களோ ஃப்ரீமன் கொஸ்டன், சார்ள்ஸ் கொரெல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள். மேடை நாடகம் என்றால் வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு வர வேண்டும். வானொலியில் அந்தக் கரிச்செலவும் மிச்சம். 1931இலேயே ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பினப் பத்திரிகை இந்தத் தொடரை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடத்தியது. தொடர் நிற்கவில்லை.

முகம் இல்லாத இடத்தில் நிறத்தைக் காட்ட ஒரே வழி பேச்சு. ஆகவே ‘கறுப்பர் பேச்சு’ என்று ஒன்று பிரதி எழுதுகிறவர்களின் மேசையில் உருவானது. சொற்களை உடைத்து, இலக்கணத்தைக் குழப்பி, இழுத்து இழுத்துப் பேசுகிற ஒரு பேச்சு. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குத் தங்களுடைய பேச்சு வழக்கு உண்மையிலேயே உண்டு, அதற்குத் தன் இலக்கணமும் அழகும் உண்டு. ஆனால் வானொலி கேட்டது அதை இல்லை. வெள்ளைக்கார நேயர்கள் ‘கறுப்பர் இப்படித்தான் கதைப்பார்கள்’ என்று நம்பிய ஒன்றைத்தான் அது கேட்டது.

இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். லிலியன் ரண்டொல்ஃப் என்ற கறுப்பின நடிகை டெட்ரொயிட்டில் வானொலி வேலைக்குப் போனபோது, ‘கறுப்பர் பேச்சை’ப் பேசுவதற்கு அவருக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுக்கப்பட்டது. பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் ஜுவெல் என்ற வெள்ளைக்கார இயக்குநர். ஒரு கறுப்பினப் பெண் கறுப்பினப் பெண்ணாகப் பேசுவதற்கு வெள்ளைக்காரரிடம் பாடம் படிக்க வேண்டியிருந்தது!

டென்வரில் இருந்து லொஸ் ஏஞ்சலிஸ் வரை

ஹட்டி மக்டானியல் 1893இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரத்தில் பிறந்தவர். 13 பிள்ளைகளில் கடைக்குட்டி. தாய், தகப்பன் இரண்டு பேருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். தகப்பன் ஹென்றி அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் நின்று சண்டை பிடித்தவர். குடும்பம் பிறகு கொலராடோவுக்குப் போய் டென்வரில் குடியேறியது. பாட்டும் கூத்தும் அந்த வீட்டுக்குப் புதிதில்லை. அண்ணன்மாரும் அக்காமாரும் மேடையேற, ஹட்டியும் பின்னால் ஏறினார்.

1920களின் நடுப்பகுதியில் டென்வரின் கே.ஓ.ஏ. வானொலியில், ஜோர்ஜ் மொரிசனின் ‘மெலடி ஹவுண்ட்ஸ்’ குழுவோடு அவர் பாடினார். அமெரிக்க வானொலியில் பாடிய முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். அதே காலத்தில் புளூஸ் இசைத்தட்டுகளும் வெளியிட்டார். அப்பொழுது அவர் பாடகி, பாடல் எழுதுகிறவர், மேடையில் சிரிக்க வைக்கிறவர். பணிப்பெண் பாத்திரங்கள் எல்லாம் பிறகுதான்.

1929இல் பங்குச்சந்தை சரிந்தது. மேடை வேலைகள் படுத்துவிட்டன. மில்வோக்கி நகரத்தில் ஒரு இரவு விடுதியில் அவருக்குக் கிடைத்த வேலை, மலசலகூடப் பராமரிப்பாளர். அங்கேயே ஒருநாள் பாடச் சந்தர்ப்பம் கிடைத்து, பிறகு அங்கேயே நிரந்தரப் பாடகியானார்.

1931இல் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். அவருடைய அண்ணன் சாம் ஏற்கெனவே கே.என்.எக்ஸ். வானொலியில் ‘த ஒப்டிமிஸ்டிக் டோ-நட் அவர்’ என்ற நிகழ்ச்சியில் இருந்தார். தங்கச்சிக்கும் அங்கே இடம் எடுத்துக் கொடுத்தார். ‘ஹை-ஹட் ஹட்டி’ என்று ஒரு பாத்திரம்: எசமானை எதிர்த்துக் கதைக்கிற, தன் ‘இடத்தை’ அடிக்கடி மறந்துபோகிற ஒரு வேலைக்காரி. நேயர்களுக்கு நல்லாப் பிடித்துப்போனது. ஆனால் வானொலிச் சம்பளம் காணாது. ஆகவே வானொலியில் வேலைக்காரியாக நடித்துவிட்டு, வெளியில் உண்மையாகவே வீட்டு வேலைக்குப் போனார்.

ஒரு மேசை, ஒரு வீடு

சினிமாக் காலத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1939 டிசெம்பரில் ‘கோன் வித் த விண்ட்’ அட்லான்டாவில் முதற்காட்சி. ஜோர்ஜியா மாநிலத்தின் நிறப்பாகுபாட்டுச் சட்டங்களால் ஹட்டி அதற்குப் போகவில்லை. 1940 பெப்ரவரி 29, அம்பாசடர் ஹொட்டேலில் ஒஸ்கார் விழா. மற்ற நடிகர்களுடன் அல்ல, சுவரோரமாகத் தனி மேசையில் அவரை இருத்தினார்கள். அங்கிருந்து எழும்பிப் போய்த்தான் சிறந்த துணை நடிகை விருதை வாங்கினார். ஒஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். அதே விருது இன்னொரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்தது 1991இல், வூப்பி கோல்ட்பேர்க்குக்கு.

விருதுக்குப் பிறகும் வந்தது பணிப்பெண் வேடங்கள்தான். 1942இல் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின மக்கள் உரிமை அமைப்பின் தலைவர் வோல்டர் வைட் ஹொலிவூட்டுக்கே போய், இந்த வேலைக்கார வேடங்களை நிறுத்துங்கள், கறுப்பினத்தவரை டொக்டராக, ஆசிரியராகக் காட்டுங்கள் என்று கேட்டார். நியாயமான கோரிக்கை. ஆனால் ஹட்டியைப் போன்றவர்களுக்கு அது வயிற்றில் அடித்ததுபோல இருந்தது. டொக்டர் வேடம் வருகிற வரைக்கும் யார் சோறு போடுவது? நிறம் குறைந்தவர்களுக்குத்தானே அந்தப் புதிய வேடங்கள் போகும்? வைட் பார்வைக்கு வெள்ளைக்காரரைப் போலவே இருந்தவர் என்பதும் இந்தக் கோபத்தைக் கூட்டியது. வேலைக்காரியாக இருந்து வாரம் 7 டொலர் உழைப்பதைவிட, வேலைக்காரியாக நடித்து 700 டொலர் உழைப்பது நல்லது என்ற கருத்தில் ஹட்டி சொன்னதாக ஒரு பேச்சு பரவலாக வழங்குகிறது.

இதை மட்டும் வைத்து அவரை அடங்கிப்போனவர் என்று எடைபோட்டால் பிழை. 1940களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட் அடம்ஸ் ஹைட்ஸ் பகுதியில் அவர் ஒரு பெரிய வீடு வாங்கினார். ‘சுகர் ஹில்’ என்று பெயர்பெற்ற இடம். அங்கே காணி உறுதிகளில், வெள்ளையர் அல்லாதவர் இந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. வெள்ளைக்கார அயலவர்கள் அதைக் காட்டி வழக்குப் போட்டார்கள். ஹட்டி அயலில் இருந்த கறுப்பினக் குடும்பங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்தினார். வழக்கறிஞர் லோரன் மில்லர் அவர்களுக்காக வாதாடினார். 1945 டிசெம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க், அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மூன்று வருடம் கழித்து, 1948இல், இப்படியான நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நடைமுறைப்படுத்த முடியாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

திரையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்ற அதே பெண்தான் இந்த வழக்கையும் வென்றவர். பியூலா அவரிடம் வந்தது இதற்குப் பிறகு.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

1947இல் சி.பி.எஸ். வலையமைப்பில் பியூலா கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு 15 நிமிடம். அனுசரணை, சவர்க்காரம் விற்கிற புரொக்டர் அன்ட் காம்பிள். ஹட்டியின் சம்பளம் வாரம் 1000 டொலர். வானொலியில் ஒரு நகைச்சுவைத் தொடரின் நாயகியாக நின்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

கையெழுத்துப் போடும்போது அவர் இரண்டு விசயங்களைக் கேட்டு வாங்கினார். ஒன்று, அந்த உடைந்த ‘கறுப்பர் பேச்சை’ப் பேசமாட்டேன். இரண்டு, பிரதியில் எனக்கு ஒத்துவராததை மாற்ற எனக்கு உரிமை வேண்டும்.

இதன் கனத்தை விளங்கிக்கொள்ள வானொலி நாடகம் எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். உடுப்பு இல்லை, காட்சியமைப்பு இல்லை. நடிகை கையில் தாளோடு ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறார். அந்தத் தாளில் இருப்பதும் அவருடைய தொண்டையும்தான் பாத்திரம், வேறு ஒன்றுமில்லை. சினிமாவில் ஒரு மட்டமான வசனத்தைக் கண்ணால், உடம்பால் கொஞ்சம் திருப்பிவிடலாம். மம்மியாக ஹட்டி அதைத்தான் செய்தார். வானொலியில் அது முடியாது. ஆகவே பேச்சையும் தாளையும் கையில் எடுத்தார் என்றால், பாத்திரத்தையே எடுத்தார் என்று அர்த்தம்.

முழுதாக எடுத்தாரா? இல்லை. பியூலா கடைசி வரைக்கும் ஹென்டர்சன் என்ற வெள்ளைக்காரக் குடும்பத்தின் வேலைக்காரிதான். ஹரி, அலிஸ், மகன் டொனி ஆகியோரின் சில்லறைப் பிரச்சினைகளைத் தீர்த்து வைப்பதுதான் அவளுடைய வேலை. காதலன் பில் ஜக்சன் கல்யாணப் பேச்சை எடுக்காமல் நழுவிக்கொண்டே இருப்பான். அவளுக்கென்று பெரிய கனவு ஒன்றும் எழுதப்படவில்லை. எழுதியவர்கள் மாறவில்லை, முதலாளி மாறவில்லை. ஹட்டி மாற்றியது, அந்த வேலைக்காரி என்ன மாதிரிக் கதைப்பாள் என்பதை. வீட்டிலேயே புத்தி கூடியவள் அவள்தான் என்பது கேட்கிறவர்களுக்குக் குரலிலேயே விளங்கியது.

1950இல் பியூலா தொலைக்காட்சிக்கும் போனது. முதலில் எதல் வோட்டர்ஸ் நடித்தார். அவர் விலக, 1951இல் ஹட்டி வந்து ஆறு அத்தியாயங்கள் நடித்தார். அதே வருடம் என்.ஏ.ஏ.சி.பி. தன் மாநாட்டில் தொலைக்காட்சியின் ‘ஏமஸ் அன்ட் அண்டி’யையும் ‘பியூலா’வையும் கண்டித்துத் தீர்மானம் எடுத்தது. அதற்குள் ஹட்டி நோயில் விழுந்துவிட்டார். மார்புப் புற்றுநோய். வானொலியில் பியூலாவை அடுத்து எடுத்தவர், மூன்று மாதம் ‘கறுப்பர் பேச்சு’ப் படித்த அதே லிலியன் ரண்டொல்ஃப். அவருக்குப் பிறகு அவருடைய அக்கா அமண்டா. தொடர் 1954 வரை ஓடியது.

ஹட்டி 1952 ஒக்டோபர் 26 அன்று காலமானார். ஹொலிவூட் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கறுப்பினத்தவர் என்பதால் இடம் கொடுக்கவில்லை. ரோஸ்டேல் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். அந்த ஹொலிவூட் சேமக்காலையில் நினைவுக்கல் வைத்தது 1999இல். ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிவைத்த ஒஸ்கார் காணாமல் போய், 2023இல்தான் அகடமி அதற்குப் பதிலாக இன்னொன்று கொடுத்தது. வழக்குப் போட்டுக் காப்பாற்றிய சுகர் ஹில்லை 1960களில் ஒரு நெடுஞ்சாலை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது.

வைட் சரியா, ஹட்டி சரியா?

எங்களுக்குள் இதைப் பற்றிக் கதைக்கும்போது இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். வைட் கேட்டது எதிர்காலத்தை. பார்க்கிற பெண் எல்லாம் வேலைக்காரியாகவே வந்தால், வளர்கிற பிள்ளை தன்னை என்னவென்று நினைக்கும் என்ற கேள்விக்கு வாரம் 1000 டொலர் பதில் இல்லை. ஹட்டி நின்றது நிகழ்காலத்தில். அவர் விலகியிருந்தால் பியூலா இல்லாமல் போயிருக்காது, இன்னொரு மார்லின் ஹேர்ட் வந்திருப்பார். 1944இல் இருந்து 1947 வரை நடந்தது அதுதானே.

எங்கள் பார்வையில், இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக நிறுத்தியதே அந்தத் தொழிலின் வெற்றி. இருந்ததே ஒரு கதவு, அதுவும் குசினிக் கதவு. அதற்குள்ளால் போவதா விடுவதா என்று கறுப்பினத்தவர்கள் தங்களுக்குள் சண்டை பிடிக்க, மற்றக் கதவுகளைப் பூட்டியவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

ஹொலிவூட்டின் புகழ்நடையில் ஹட்டி மக்டானியலுக்கு இரண்டு நட்சத்திரங்கள் உண்டு. ஒன்று சினிமாவுக்கு, மற்றது வானொலிக்கு. சினிமா நட்சத்திரத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். மற்றதன் கதை ஒலிப்பதிவுகளில் இருக்கிறது. பியூலாவின் அத்தியாயங்கள் சில இணையத்தில் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான். கேட்கும்போது முதலில் மார்லின் ஹேர்ட் பேசியதைக் கேளுங்கள், பிறகு ஹட்டி பேசியதைக் கேளுங்கள். பகிடிகள் பெரிதாக மாறியிருக்காது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது மாறியிருக்கும்.