மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் (அக்கராயன்)

கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரதேச செயலர் பிரிவிலுள்ள அக்கராயன், குளத்துநீரை நம்பிய நெற்செய்கை ஊர். வன்னியின் மற்ற ஊர்களைப் போல இங்கும் பெண்கள் கூடும் பொது அமைப்பு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமே. இத்தகைய சங்கங்கள் கிராம அலுவலர் பிரிவு அளவில் அமைந்து, கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில் பதிவு பெறுகின்றன. பிரதேச மட்டத்தில் சமாசமாக இணைகின்றன. இலங்கையில் இவ்வகை முயற்சிக்கு முன்னோடி, 1930 இல் மருத்துவர் மேரி இரத்தினம் தொடங்கிய லங்கா மகிளா சமிதி. அவர் தமிழரை மணந்த கனடியர்.

சந்தா, சுழற்சிக் கடன், சிரமதானம், முன்பள்ளிக்கான உதவி ஆகியவை வழக்கமான பணிகள். தையல், கோழி வளர்ப்பு, மிளகாய்த்தூள் அரைத்தல் போன்ற சிறுதொழில் செய்வோர் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைக் காட்டிவிடுவதும் இங்கேதான். நகரத்துத் தொழில்சார் மகளிர் கழகங்கள் அறிமுக அட்டை கொடுத்துச் செய்வதை, இங்கே கூட்டம் கலையும் நேரத்துப் பேச்சே செய்துவிடுகிறது.

2008 இல் உள்நாட்டுப் போரால் ஊர் இடம்பெயர்ந்தது. மீள்குடியேற்றத்தின்பின் வன்னியில் பல குடும்பங்களைப் பெண்களே தனியாகத் தாங்கினர். அவர்களைத் தேடி நுண்நிதி நிறுவனங்கள் வீட்டுவாசலுக்கே வந்தன. வட்டி கடுமை, தவணை வாராவாரம். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. நுண்நிதிக் கடனோடு ஒப்பிட்டால் சங்கத்தின் சுழற்சிக் கடன் தொகையில் சிறியது. ஆனால் வட்டி வெளியே போகாமல் உறுப்பினர் நிதியிலேயே சேர்கிறது.