படம் துலக்கும் தொழில்

கிருலப்பனைக் கால்வாயை அடுத்த வீடுகளில் மாரிகாலத்து ஈரம் சுவரேறி, படச் சட்டத்தினுள்ளும் புகுந்து, பாட்டனாரின் தலைப்பாகைமீது பூஞ்சணமாய்ப் படர்வதைக் கண்டிருப்போருக்கு, பழம்படங்களைப் புதுக்கும் தொழில் கொழும்பு நகரில் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்ற காரணத்தை விளக்க வேண்டுவதில்லை.

இத்தொழில் கணினியோடு பிறந்ததன்று. மியூனிச் நகரத்து ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பார் 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஒரே முகத்தின் திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் அருகருகே வைத்து ஜனங்களைப் பிரமிக்கச் செய்தார். பிளாட்டே தம்பதியர் 1890இல் கொழும்பிலே தம் ஸ்டூடியோவைத் தொடங்கிய காலத்தில் 'ரீடச்சிங்' படக்கலையின் பிரிக்கவொண்ணாத அங்கமாகிவிட்டிருந்தது. நெகட்டிவில் கருமை ஏறிய இடம் காகிதத்தில் வெளுக்கும் என்பதே அதன் சூட்சுமம். ஆகவே, பின்னாலிருந்து ஒளி வரும் சாய்வு மேசைமீது நெகட்டிவை வைத்து, ஊசிபோற் சீவிய பென்சிலால் கண்ணின் கீழ்ச் சுருக்கங்களில் நுண்ணிய கோடுகளை இட்டு, முதுமையைச் சிறிது குறைத்துக் கொடுத்தார்கள். அச்சிட்ட படத்தின் வெண்புள்ளிகளுக்குத் தூரிகையால் மை வைத்தார்கள். கரும்புள்ளிகளைக் கத்தி முனையாற் சுரண்டினார்கள். சுரண்டியது சுரண்டியதே, அதற்கு மீட்சி கிடையாது.

இங்குள்ள தமிழருக்கு இக்கலை வெறும் அலங்காரமாயிருந்த காலம் 1983 ஜூலையோடு முடிந்தது. அம்மாதம் 24ஆம் திகதி இரவு பொறளையில் மூண்ட வன்செயல் வெள்ளவத்தைக்கும் கிருலப்பனைக்கும் பரவி, வீடுகளோடு ஆல்பங்களையும் எரித்தது. கலியாணப் படத்தையும், இறந்த பிள்ளையின் ஒரே படத்தையும் இழந்தவர்கள், யாழ்ப்பாணத்துச் சகோதரிக்கோ லண்டன் சென்ற மைத்துனருக்கோ முன்னொரு காலத்தில் கடிதத்தோடு மடித்தனுப்பிய பிரதியைத் தேடிப் பெற்று, முகத்தின் குறுக்கே மடிப்பு ஓடிய அந்தக் காகிதத்தைக் கையிலேந்தி ஸ்டூடியோ வாசலில் நின்றார்கள். மரணவீட்டின்பின் 31ஆம் நாளுக்கென அச்சிடும் கல்வெட்டு என்னும் நினைவு நூலின் முகப்புக்கும் அத்தகைய பிரதியே கதி.

அமெரிக்காவின் நோல் சகோதரர் ஆக்கிய போட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வந்தது. நல்ல இடத்துத் தோலின் இழையை எடுத்து, பழுதுபட்ட இடத்தின் நிறத்தோடு இசைவிக்கும் தூரிகையொன்று 2002இல் வந்த அதன் ஏழாம் பதிப்பிலே சேர்ந்தது. வேலை துரிதமாயிற்று, ஆயினும் அதன் மெய்யான பாக்கியம் துரிதமன்று என்பது என் துணிபு.

என் தாயாரின் படத்தை வெள்ளவத்தைக் கடையொன்றிற் கொடுத்துவிட்டு, குறித்த நாளில் அக்காவோடு போயிருந்தேன். மடிப்பு மறைந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. அக்கா நெடுநேரம் திரையைப் பார்த்தபின், "தம்பி, அது பூஞ்சணம் இல்லை, அம்மாவின்ர மச்சம்" என்றார். படத்தைத் திருத்திய கடை இளைஞர் பதறவில்லை. மூலப் படத்தைத் தொடாமல், ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனி லேயராக அதன்மேல் வைத்திருந்தவர், அவற்றுள் ஒன்றை மறைத்தார். மோவாயின் இடப்புறத்தில் அந்தக் கறுப்புப் புள்ளி மீண்டும் வந்து நின்றது. அதற்குச் சற்று மேலே, கூடவே திரும்பி வந்துவிட்ட பூஞ்சணப் புள்ளியை மட்டும் அழிக்கும்படி அக்கா விரலாற் சுட்டிக் காட்டினார்.