இரண்டு குப்பங்கள், ஒரு மனு

குருசுக்குப்பத்திலிருந்து வடக்கே வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டி ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் போனால் கோட்டக்குப்பம். கடல் ஒன்றுதான், வலையில் விழும் மீனும் ஒன்றுதான். ஆனால் இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். ஒரே மனுவை எழுதி இரண்டு ஊர் நகராட்சியிலும் கொடுத்தால் கைக்கு என்ன வரும் என்று பார்ப்பதே இந்த ஒப்பாய்வு. மனுவின் வாசகம் இது: “எங்கள் வார்டில் கடைசியாக நடந்த நகராட்சித் தேர்தலின் வாக்காளர் பட்டியல், வேட்பாளர்களின் உறுதிமொழிப் பத்திரம், ஒவ்வொருவருக்கும் விழுந்த ஓட்டுக் கணக்கு ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்.”

கோட்டக்குப்பத்தில் இந்த மனுவுக்குப் பொருள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2021இல் பேரூராட்சியாக இருந்த ஊர் நகராட்சியானது. 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு, 22 அன்று எண்ணிக்கை, மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்பு, 4 அன்று தலைவர் தேர்வு. 21 மாநகராட்சிகளும் 138 நகராட்சிகளும் ஒரே நாளில் ஓட்டுப் போட்ட தேர்தல் அது. ‘கடைசியாக நடந்த தேர்தல்’ எது என்று அங்கே யாரும் யோசிக்க மாட்டார்கள். முடிவுகளை மாநிலத் தேர்தல் ஆணையமே இணையத்தில் ஏற்றியது. அதற்காகத் தமிழ்நாட்டை ஒரேயடியாகப் பாராட்டவும் மனம் வரவில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற மன்றங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் கையில் கிடந்துதான் அந்தத் தேர்தலைக் கண்டன.

குருசுக்குப்பத்தில் அதே வரி 2006க்குப் போய் நிற்கிறது. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் நடக்காமல் இருந்த உள்ளாட்சித் தேர்தல், நீதிமன்றம் தலையிட்ட பிறகு அந்த ஆண்டு நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தது. மன்ற உறுப்பினர் இருக்க வேண்டிய இடத்தில் அன்றிலிருந்து அதிகாரிகளே இருக்கிறார்கள். 2021 அக்டோபரில் வாக்குப்பதிவு என்று தேதி வரைக்கும் அறிவித்துவிட்டார்கள். வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. தேதி மாற்றி மறுபடி அறிவித்ததும் நடக்கவில்லை. 1988க்குப் பிறகு இந்தக் குப்பத்தில் பிறந்த ஒருவர் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் எத்தனையோ முறை விரலில் மை வைத்திருப்பார். நகராட்சிக்கு ஒருமுறைகூட வைத்ததில்லை.

தேர்தல் ஆவணத்தில் எல்லாத் தாளும் ஒரே வகையல்ல என்பதையும் பார்க்க வேண்டும். சாவடியில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். நாம் பெயர் சொன்னதும், அலுவலர் தன் முன்னால் உள்ள பட்டியலில் நம் கட்டத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுப்பார். பெண்ணாக இருந்தால் வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும் போடுவார். யார் வந்தார், யார் வரவில்லை என்பதை அந்தக் கோடுகள் சொல்லிவிடும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்கான 1961ஆம் ஆண்டு விதிகளில் 93ஆம் விதி, குறியிட்ட அந்தப் பட்டியலையும் பயன்படுத்திய வாக்குச்சீட்டுகளையும் நீதிமன்ற உத்தரவில்லாமல் திறக்கக் கூடாது என்கிறது. மற்ற தாள்கள் எல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு என்று அதே விதி சொல்லிவந்தது. 2024 டிசம்பரில் அந்த ‘எல்லாம்’ சுருங்கி, ‘இந்த விதிகளில் குறிப்பிட்ட தாள்கள்’ என்று ஆனது. ஹரியானா சாவடிகளின் காணொளிப் பதிவைக் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட சில நாட்களில் இந்தத் திருத்தம் வந்தது. ரகசிய வாக்கைக் காக்கும் பூட்டு அவசியம், அதை யாரும் மறுக்க முடியாது. ஓட்டுக் கணக்குக்கும் சாவடிப் பதிவுக்கும் சேர்த்து அந்தப் பூட்டைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கு மாநிலச் சட்டமும் விதியும் தனி என்றாலும், பெரிய தேர்தலில் அதிகாரிகள் பழகும் வழக்கம் சின்னத் தேர்தலுக்கும் இறங்கிவரும்.

நம் மனு கேட்பது மூடிய உறையை அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் இரண்டு ஊரிலும் ஒன்றாகவே நடப்பில் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள். எதற்குக் கேட்கிறாய் என்று அலுவலகம் கேட்கக் கூடாது என்பது 6(2). எங்களிடம் இல்லை, தேர்தல் ஆணையத்தில் போய்க் கேள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பவும் கூடாது. உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே அனுப்பிவைக்க வேண்டும் என்பது 6(3). இந்த இரண்டு பிரிவையும் மனுவின் அடியில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. பிரிவு எண்ணைக் கண்டதும் எதிரே இருப்பவரின் குரல் மாறும்.

வித்தியாசம் மேல்முறையீட்டில் தெரிகிறது. முதல் மேல்முறையீடு இரண்டு ஊரிலும் உள்ளூர் அதிகாரியிடம்தான். இரண்டாவது, கோட்டக்குப்பத்துக்காரருக்குச் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். குருசுக்குப்பத்துக்காரருக்கு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் இப்படி. மூன்று கிலோமீட்டர் நடக்கிற தூரத்தில் இருக்கும் இரண்டு குடிமக்களில் ஒருவருடைய கோப்பு தமிழ் படிக்கத் தெரிந்த மேசைக்குப் போகிறது, மற்றவருடையது மொழி தாண்டிப் போகிறது.

புதுச்சேரிக்காரருக்கு இன்னொரு ஒப்பீடும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. 1880ஆம் ஆண்டு ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் நகர மன்றங்கள் வந்தன. இன்றும் நம் பஞ்சாயத்துப் பெயரில் ‘கொம்யூன்’ ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். பிரான்ஸில் எந்த வாக்காளரும் வாக்காளர் பட்டியலைப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். சாவடியில் கையெழுத்துப் போட்ட பட்டியலைக்கூடத் தேர்தல் முடிந்த பத்து நாளுக்கு எந்த வாக்காளரும் கேட்டுப் பார்க்க முடியும். நம் ஊரில் உறைக்குள் போகும் அதே தாள், அங்கே மேசைமேல் வைக்கப்படுகிறது. பழைய சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருப்பவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பிரான்ஸின் அதிபருக்கு ஓட்டுப் போடுகிறார். அவர் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தன் தெருக் குழாயைக் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. கடற்கரைச் சாலையில் 2014 நவம்பர் மழையில் இடிந்துவிழுந்த மேரி என்ற நகராட்சிக் கட்டடத்தை மறுபடி கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தும்விட்டார்கள். உள்ளே உட்கார மன்றம்தான் இல்லை.

ஆகவே ஒரே மனு இரண்டு ஊருக்கும் பொருந்தாது என்ற முடிவுக்கு வந்தேன். கோட்டக்குப்பத்தில் நடந்த தேர்தலின் தாளைக் கேட்டால் போதும். 2006இன் மூட்டைகளை வைத்திருக்க வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது. வார்டு எல்லையும் அதன் பிறகு மாறிவிட்டது. குருசுக்குப்பத்தில் கேட்க வேண்டியது நடக்காத தேர்தலின் கோப்பு. வார்டு மறுவரையறை வரைபடம், அதன்மேல் மக்கள் கொடுத்த ஆட்சேபங்கள், 2021 ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தயாரித்த குறிப்புத்தாள்கள், அதைத் திரும்பப் பெற்ற உத்தரவு, தேர்தல் ஆணையத்துக்கும் அரசுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லி மறுக்கப் பார்ப்பார்கள். வெளியிடக் கூடாதென்று நீதிமன்றமே வெளிப்படையாகத் தடுத்திருந்தாலோ, வெளியிடுவது நீதிமன்ற அவமதிப்பு ஆகுமென்றாலோதான் அந்தக் காரணம் செல்லும், பிரிவு 8(1)(ஆ). மனுவின் இரண்டாவது வரைவில் இந்தப் பிரிவையும் சேர்த்துக்கொண்டேன்.