சட்டாம்பிள்ளையும் பிரம்பும்

‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்றொரு சொல் தமிழில் வழங்குகிறது. பிறரை மிரட்டி அடக்கியாளும் போக்கை அது குறிக்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், மாணவரை மாணவர் துன்புறுத்துவதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போதெல்லாம் இதுவே முன்வந்து நிற்கக் காண்கிறோம். சட்டாம்பிள்ளை என்பவன் திண்ணைப் பள்ளியில் உபாத்தியாயருக்குத் துணையாயிருந்த மூத்த மாணாக்கன். ஒரு பதவியின் பெயர் வசவாக மாறிய விதத்தில் நம் பள்ளிகளின் சரித்திரமும் ஓரளவு அடங்கியுள்ளது.

1823-ஆம் ஆண்டில் பல்லாரி ஜில்லாக் கலெக்டராயிருந்த காம்ப்பெல் என்பவர், அக்காலப் பள்ளிகளைப் பற்றிச் சென்னை அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு மெல்லியதாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்னால் வருவோருக்கு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். சோம்பியிருப்பவனை இரு கைகளையும் பிணித்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. இத்தனையும் எழுதிய அதே காம்ப்பெல், மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறை போற்றத்தக்கதென்றும், இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகுமென்றும் பாராட்டினார்.

அம்முறையை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றவர் ஆண்ட்ரூ பெல் பாதிரியார். 1789 முதல் சென்னையில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய அவர், தம் அனுபவத்தை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்றே அது பெயர் பெற்றது. சட்டாம்பிள்ளைக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்பதைப் பெல் உணர்ந்திருந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவரது விடுதியில் குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதிவாகும். வாரந்தோறும் மாணவரே ஜூரிகளாக அமர்ந்து விசாரிப்பர். அவருக்குப் போட்டியாக லண்டனில் பள்ளி நடத்திய லங்காஸ்டரோ, பிரம்பை வெறுத்தவர். ஆயினும் பிள்ளையின் கழுத்தில் கட்டையை மாட்டுவார். கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிட்டு எல்லாரும் நகைக்கச் செய்வார்.

நம் நாட்டில் பிரம்புக்கு நெடுங்காலம் விதிகளின் ஆதரவு இருந்தது. டில்லியின் 1973-ஆம் ஆண்டுப் பள்ளி விதிகளும் அதற்கு இடமளித்தன. 2000 டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மன உபத்திரவத்தையும் விலக்கிற்று. லங்காஸ்டரின் கூடைக்கும் இனி இடமில்லை. ஆனால் அதை மீறுவோர்மீது உத்தியோக விதிகளின்படி நடவடிக்கை என்றே சட்டம் கூறுகிறது. அடுத்த பெஞ்சில் இருக்கும் பெரிய பையனுக்கு உத்தியோக விதி ஏது?

மாற்றலாகி வடக்கே வரும் நம் குடும்பங்கள் இதை நன்கறியும். இந்தி திக்குகிற பிள்ளைக்கு ‘மதராசி’ என்ற பட்டம் முதல் நாளிலேயே கிடைத்துவிடுகிறது. உணவுப் பெட்டி திறக்கப்படாமல் வீடு திரும்புகிறது. காரணம் கேட்டால் பதில் வருவதில்லை. இத்தகைய தொல்லைகளுக்கென 2015-இல் மத்தியக் கல்வி வாரியம் தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. உதவித் தலைமையாசிரியர், மூத்த ஆசிரியர், மருத்துவர், ஆலோசகர், பெற்றோர் பிரதிநிதி முதலியோரோடு மாணவரும் இடம்பெறும் குழுவைப் பள்ளிதோறும் அமைக்கச் சொன்னது. நேயர்கள் தம் பிள்ளைகளின் பள்ளியில் அக்குழு உண்டா, அதிலுள்ள மாணவர் யார் என விசாரித்து வைத்துக்கொள்ளலாம். பெரியவரிடம் சொல்லக் கூசுகிற பிள்ளை, அந்த மாணவனிடம் சொல்லக்கூடும்.