பாடாங் மைதானத்தில் டோஜோ

1943 ஜூலை 6 அன்று சிங்கப்பூரின் பாடாங் மைதானத்தில் ஓர் அணிவகுப்பு நடந்தது. நகரத்தின் பெயர் அப்போது 'சியோனான்'. 1942 பிப்ரவரி 15-இல் பிரிட்டிஷார் சரணடைந்தபின் ஜப்பானியர் இட்ட பெயர் அது. மரியாதையை ஏற்றுக்கொண்டவர் ஜப்பானியப் பிரதமர் ஹிடெக்கி டோஜோ. அருகே சுபாஷ் சந்திர போஸ். எதிரே நடந்து சென்றவர்கள் இந்திய தேசிய ராணுவத்தினர்.

நம் மேடைகள் நினைவில் வைத்திருப்பது அதற்கு முந்தைய நாளை. ஜூலை 5-இல் அதே மைதானத்தில், நகராட்சிக் கட்டடத்தின் முன், போஸ் 'டில்லி சலோ' என்று முழங்கினார். மறுநாளைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

டோஜோவைச் சர்வாதிகாரி என்னலாமா என்று கேட்போர் உண்டு. பிரதமர் பதவியோடு தரைப்படை அமைச்சையும் அவரே வைத்திருந்தார். எனினும் மேலே பேரரசர் இருந்தார்; 1944 ஜூலையில் சைப்பான் தீவு வீழ்ந்ததும் டோஜோ பதவி விலக நேர்ந்தது. ஹிட்லருக்கு அப்படி ஒரு நிலை வரவில்லை. ஆனால் 1942-இல் கடற்கரைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுடப்பட்ட ஆயிரக்கணக்கான சிங்கப்பூர்ச் சீனருக்கு இந்த நுட்பமான வேறுபாட்டால் ஆனதொன்றுமில்லை.

போஸின் நிலையை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. அவருக்குத் தேவைப்பட்டது அங்கீகாரம். பெரும் வல்லரசொன்றின் பிரதமர் முன்னிலையில் நடந்துவிட்டால், கைதிகளிலிருந்து திரட்டிய கூட்டம் என்ற ஏளனம் நீங்கி அது ஒரு நாட்டின் படையாகிவிடும். டோஜோவுக்கோ ஆசியாவின் விடுதலைக்காகவே போர் என்று காட்ட ஒரு மேடை வேண்டியிருந்தது. இருவர் தேவையும் அன்று நிறைவேறின.

நம்மை உறுத்துவது வேறு. அதே வாரங்களில் வடக்கே சயாம்–பர்மா ரயில் பாதை விரைந்து போடப்பட்டுக்கொண்டிருந்தது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த, 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அணிவகுப்பு நடந்த பருவம் மழைக்காலம், முகாம்களில் காலரா. போர்க்கைதிகளுக்காவது தம் படையைச் சேர்ந்த மருத்துவரும் அதிகாரிகளும் இருந்தனர். கூலிகளுக்கு அதுவும் இல்லை. இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறைகள் உண்டு. தமிழரில் மிகப் பலர் பெயரின்றிக் காட்டில் புதைந்தனர். இவர்களிலும் இவர்தம் பெற்றோரிலும் பலர், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்து ஆவடி முகாமிலோ நாகப்பட்டினம் முகாமிலோ தங்கிக் கப்பலேறியவர்கள். சயாமுக்குத் தப்பவே ராணுவத்தில் சேர்ந்த தோட்டத்து இளைஞரும் உண்டு. அவர்களது தேசபக்தி அதனால் குறைந்ததென்று நாம் கருதவில்லை.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' ஜப்பானியப் படை மெடான் நகருக்குள் நுழைவதிலிருந்தே தொடங்குகிறது. வெற்றியாளரை வேடிக்கை பார்த்து நிற்கும் தமிழரை, 1972-இல் வெளியான அந்நாவல் எந்தப் பரவசமுமின்றிக் காட்டியது. நம் வரலாற்று நூல்களில் அத்தகைய நிதானம் குறைவு.

1945 ஜூலை 8 அன்று, பாடாங்கை அடுத்த கடற்கரையோரம், இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்நீத்தோர்க்கான நினைவுச்சின்னத்திற்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்தனர். செப்டம்பர் 12 அன்று மவுண்ட்பேட்டன் அதே நகராட்சிக் கட்டடத்தினுள் ஜப்பானியரின் சரணாகதியை ஏற்றார். அன்றும் வெளியே அணிவகுப்பு நடந்தது. மரியாதை செலுத்தி நின்ற படைகளுள், இம்முறை பிரிட்டிஷ் கொடியின்கீழ், இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர்.