நகரும் வீட்டின் அடுப்பு: செஞ்சிப் பாசறை முதல் கேரவன் சிலிண்டர் வரை

வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போய் வேறோர் இடத்தில் மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு எல்லாக் காலத்திலும் முதல் கவலை எரிபொருள்தான். கூடாரத்தைச் சுருட்டி மாட்டின் முதுகில் ஏற்றலாம். பாத்திரம் பண்டங்களை வண்டியில் அடுக்கலாம். மாதக்கணக்கில் எரிக்க வேண்டிய விறகை யாரும் சுமந்து போக முடியாது. இறங்கிய இடத்தில் கிடைத்ததை எரித்தே ஆகவேண்டும். இந்த நிலை மாறியது கடந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில்தான். அந்த மாற்றத்தின் நெடுங்கதைக்குச் செஞ்சிக் கோட்டை நல்ல தொடக்கம். தமிழ்நாட்டு வரலாற்றின் மிக நீண்ட முகாம்களில் ஒன்று அந்தக் கோட்டையின் அடிவாரத்தில்தான் அமைந்தது.

1689இன் இறுதியில் சிவாஜியின் இளைய மகன் இராஜாராம் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி வந்து செஞ்சிக்குள் புகுந்தார். அவரைப் பிடிக்க மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப் அனுப்பிய தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் படையோடு வந்து இறங்கினார். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் ஆகிய மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதிலை முழுவதுமாக வளைக்க அந்தப் படை போதவில்லை. முற்றுகை விட்டும் தொட்டும் இழுத்துக்கொண்டே போய், 1698இன் தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. இராஜாராம் அதற்கு முன்பே தப்பிவிட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் மலையடிவாரத்தில் எழுந்தது கூடாரங்களால் ஆன ஓர் ஊர். குதிரைக்காரர், பீரங்கிக்காரர், எடுபிடி ஆட்கள், கடைக்காரர், அவர்களுடைய பெண்டுபிள்ளைகள் என எல்லோரும் அங்கே குடியிருந்தார்கள்.

மொகலாயப் பாசறையில் பொதுச் சமையல் என்று ஒன்று கிடையாது. சிப்பாய் தன் சம்பளத்தில் பாசறைக் கடைத்தெருவில் தானியம் வாங்கித் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். தானியத்தைப் பொதிமாடுகளில் கொண்டுவந்தவர்கள் பஞ்சாரா வணிகர்கள். தமிழகத்தில் லம்பாடிகள் என்று அறியப்படுபவர்கள். விறகுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஆளாளுக்குச் சுற்றுவட்டாரத்தில் வெட்டினார்கள், பொறுக்கினார்கள், சாணத்தைக் காயவைத்தார்கள். ஔரங்கசீப்பின் பாசறையோடு 1660களில் காஷ்மீர்வரை பயணம் செய்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, மாலை வேளைகளில் பச்சை விறகும் மாட்டுச் சாணமும் ஒட்டகச் சாணமும் எரிந்து எழும் புகையில் தன் கூடாரத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு என்று எழுதிவைத்திருக்கிறார். செஞ்சியில் அந்தப் புகை ஆண்டுக்கணக்கில் எழுந்திருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் விறகும் நனைந்து வரட்டியும் கரைந்துபோகும்போது அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்பதை இந்தப் பக்கத்து மழையைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டைக்குள்ளே நிலைமை வேறு. இன்றைக்கும் செஞ்சிக்குப் போகிறவர்கள் கீழ்க்கோட்டையில் வளைவுக் கூரை போட்ட பெரிய களஞ்சியங்களைப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மேல் களஞ்சியங்களோடு எண்ணெயும் நெய்யும் தேக்கிய தொட்டிகளையும் காட்டுகிறார்கள். உள்ளே இருந்தவர் சேமித்துவைத்து உண்டார். வெளியே இருந்தவர் அன்றாடம் தேடி உண்டார். 1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் மராட்டியக் குதிரைப்படையோடு வந்து வழிகளை அடைத்தபோது இந்த வேறுபாடு வெட்டவெளிச்சமாயிற்று. பாசறைக்குத் தானியம் வருவது நின்றது. 1693 ஜனவரியில் வந்தவாசிப் பக்கமிருந்து தானியம் கொண்டுவரப் போன ஜுல்பிகர் கானைத் தேசூர் அருகே மறித்துத் தாக்கினார்கள். அந்த மாதமே அவர் முகாமைக் கலைத்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஊர்விட்டு ஊர் வந்து நெடுநாள் தங்குபவனைத் தோற்கடிக்க அவனுடைய அடுப்பை அணைத்தாலே போதும் என்பதை அந்த இரண்டு தளபதிகளும் நன்கு அறிந்திருந்தார்கள்.

படைகள் போன பிறகும் இந்த வழியில் பயணிகள் குறையவில்லை. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலை இது. கார்த்திகை தீபத்துக்கும், செஞ்சியை அடுத்த மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வண்டிக்கு அடியில் வைக்கோலும், ஒரு கட்டு விறகும் தொங்கும். மரநிழலில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, மூன்று கல்லைக் கூட்டினால் அடுப்பு. எடுத்துப்போன விறகு தீர்ந்தால் பனைமட்டை, முள், கரும்புச் சோகை, வரட்டி என்று கிடைத்தது எரிந்தது. மல்லாட்டை என்னும் நிலக்கடலை விளையும் பூமியாதலால் மல்லாட்டைத் தோலும் காய்ந்த கொடியும் எரிபொருளாயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயில் எஞ்சினுக்கும் சென்னை நகரத்துக்கும் விறகு வேண்டிச் சோழமண்டலக் கரையோரம் சவுக்குத் தோப்புகள் போடப்பட்டன. 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் பின்னாளில் ஏரிக்கரை, புறம்போக்கு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு ஏழைகளின் விறகாயிற்று.

இதே காலத்தில் இன்னொரு வகை நகரும் வீடும் இருந்தது. மாவட்ட ஆட்சியரும் தாசில்தாரும் ஜமாபந்திக்கும் நில அளவைக்கும் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். மேசை, நாற்காலி, கட்டில், சமையல்காரர் உட்பட எல்லாம் வண்டிகளில் வரும். விறகு, புல், பானை மட்டும் உள்ளூரிலிருந்து வரவேண்டும். அவற்றைத் திரட்டித் தருவது வெட்டியான் முதலிய கிராம ஊழியர்களின் தலையில் விழுந்தது. கூலி ஒழுங்காகக் கிடைக்காத அந்த வேலை நெடுங்காலம் ஒரு கொடுமையாகவே இருந்தது. முகாமின் பளபளப்பை எழுதிய நூல்கள் பல. அந்த முகாமின் அடுப்பெரிய விறகு சுமந்தவர்களைப் பற்றி எழுதியவை மிகக் குறைவு.

விறகின் பிடியை முதலில் தளர்த்தியது மண்ணெண்ணெய். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தகர டின்களில் அடைத்த மண்ணெண்ணெய் கிராமங்கள்வரை வந்து சேர்ந்தது. சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1892இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பு, எண்ணெயைக் காற்றழுத்தத்தால் மேலேற்றி ஆவியாக்கி எரித்தது. தமிழ் வீடுகளில் அது பம்ப் ஸ்டவ் ஆனது. கையில் தூக்கிப் போகக்கூடிய அடுப்பும், டின்னில் சுமக்கக்கூடிய எரிபொருளும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்தன. ஆனால் எண்ணெய் சிந்தினால் உணவில் நாற்றம், துளை அடைத்தால் ஊசி போட்டுக் குத்த வேண்டும், அழுத்தம் மிஞ்சினால் வெடிக்கும். ஸ்டவ் வெடித்து இறந்த பெண்கள் என்ற செய்தி பல பத்தாண்டுகள் நாளிதழ்களில் நிரந்தர இடம் பிடித்திருந்தது. அவற்றில் விபத்து எது, கொலை எது என்ற கேள்வியும் கூடவே இருந்தது.

அடுத்த படி, திரவமாக்கிய பெட்ரோலிய வாயு. அமெரிக்க வேதியியலாளர் வால்டர் ஸ்நெல்லிங் 1910களின் தொடக்கத்தில் பெட்ரோலில் இருந்து ஆவியாகிப் போகும் வாயுக்களைப் பிரித்து, புரொப்பேன், பியூட்டேன் இரண்டையும் அழுத்தத்தால் திரவமாக்கிக் கலத்தில் அடைக்கலாம் என்று காட்டினார். திரவம் வாயுவாக மாறும்போது ஏறத்தாழ 250 மடங்கு விரியும். ஆகவே சிறு சிலிண்டருக்குள் பல நாள் சமையல் அடங்கும். குழாய்வழி எரிவாயு எட்டாத வீடுகளுக்கென்று வந்த இந்தப் பொருளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கேரவன்காரர்கள் உடனே பற்றிக்கொண்டார்கள். பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரிவரை ஆவியாகும். அதனால்தான் பனிநாடுகளின் நகரும் வீடுகளில் புரொப்பேன் நிலைபெற்றது. இந்திய வெயிலுக்கு இரண்டும் கலந்த கலவையே போதும்.

அமெரிக்க மோட்டார் இல்லங்களில் வண்டியின் அடியில் நிரந்தரமாகப் பொருத்திய புரொப்பேன் தொட்டி இருக்கும். அதை நிரப்ப வண்டியையே நிரப்பும் நிலையத்துக்கு ஓட்டிப் போக வேண்டும். பயணத்தில் இது சிரமமில்லை. ஒரே இடத்தில் குளிர்காலம் முழுவதும் நிறுத்தி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாம் இணைத்துவிட்டால் வண்டியைக் கிளப்புவது வீட்டைக் காலிசெய்வதற்குச் சமம். இதற்கு அந்த வண்டிக்காரர்கள் கண்ட வழி, தொட்டிக்கும் ரெகுலேட்டருக்கும் இடையே டி வடிவ இணைப்பு ஒன்றைச் செருகி, அதிலிருந்து உயர் அழுத்தக் குழாய் வழியே வெளியில் நிற்கும் தனிச் சிலிண்டரைச் சேர்ப்பது. தொட்டியின் வால்வை மூடிவிட்டுச் சிலிண்டரிலிருந்து எடுக்கலாம். தீர்ந்ததும் சிலிண்டரை மட்டும் தூக்கிப்போய் நிரப்பலாம். இணைப்பு ரெகுலேட்டருக்கு முன்னால் இருப்பது முக்கியம். சிலிண்டருக்குள் இருக்கும் பல மடங்கு அழுத்தத்தை அடுப்புக்கு ஏற்ற சிறு அழுத்தமாகக் குறைப்பது ரெகுலேட்டர்தான். அதைக் கடந்துபோய் நேரே இணைத்தால் அடுப்பு தீப்பந்தமாகிவிடும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பதும் முக்கியம். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் ஏறும்.

இந்தியாவில் சமையல் எரிவாயு 1950களின் நடுவில் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனத்தின் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. இந்தியன் ஆயில் தன் முதல் இண்டேன் இணைப்பை 1965இல் கல்கத்தாவில் வழங்கியது. சிறு நகரங்களுக்கு அது மெல்லத்தான் வந்தது. பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது 1980களில் சாதாரணம். தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப் பின் தொடங்கிய இலவச எரிவாயு இணைப்பு, அடுப்புத் திட்டமும், 2016இல் வந்த உஜ்வலா திட்டமும் செஞ்சி போன்ற வட்டாரங்களின் கிராமங்களுக்குள் சிலிண்டரைக் கொண்டுசேர்த்தன. ஆனால் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் முகவரியோடு கட்டப்பட்டது. ஊர் ஊராகப் போகிறவர், வாடகை ரசீது இல்லாதவர், கட்டடத் தொழிலாளர், மாணவர் இவர்களுக்கு அது எட்டாக்கனியாக இருந்தது. 2013 அக்டோபரில் அடையாள அட்டையைக் காட்டிப் பெட்ரோல் பங்கிலேயே வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் முதலில் சென்னை உள்ளிட்ட 5 பெருநகரங்களில் விற்பனைக்கு வந்தது. இந்தியன் ஆயிலின் சிறிய சிலிண்டருக்கு 2020இல் சோட்டு என்று பெயர் வைத்தார்கள். நகரும் வீட்டுக்கு இந்தியாவில் சட்டப்படி பொருந்தும் எரிபொருள் உண்மையில் இந்த 5 கிலோ சிலிண்டரோடுதான் பிறந்தது.

இந்தச் சிலிண்டரின் தலைப்பகுதி உற்றுநோக்கத் தக்கது. நூலில் தொங்கும் வெள்ளை மூடியைக் கழற்றினால் வால்வுக்குள் கருப்பு ரப்பர் வாஷர் தெரியும். அது இல்லாவிட்டாலோ வெடித்திருந்தாலோ ரெகுலேட்டர் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்தாலும் கசியும். ரெகுலேட்டரின் அடிவளையத்தை மேலே தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் வைத்து அழுத்தி, வளையத்தை விட்டால் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். கழுத்தைச் சுற்றி நிற்கும் கம்பிப் பட்டைகளின் உள்பக்கத்தில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரை. டி என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதற்கடுத்த எண் ஆண்டு. சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய தவணை அது. தவணை கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்ப வாங்குபவருக்கு உரிமை உண்டு. ஆரஞ்சு நிறச் சுரக்‌ஷா டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வெயிலும் எலியும் உள்ள இடத்தில் நெடுநாள் நிற்கும் வண்டிக்கு அந்த 5 ஆண்டும் அதிகம்.

செஞ்சிப் பக்கத்தில் கேரவன் என்றால் படப்பிடிப்புக்கு வரும் நடிகர்களின் வண்டி. அதில் ஜெனரேட்டர் ஓடும், அடுப்பு இருக்காது. இங்கே உண்மையான நகரும் சமையலறை, அமாவாசைதோறும் மேல்மலையனூருக்கு வரும் வேன்களும் பேருந்துகளும்தான். அன்று மூன்று கல் கூட்டிய இடத்தில் இன்று ஒற்றை பர்னர் அடுப்பும் சிலிண்டரும் இறங்குகின்றன. இறங்கினால் கவலை குறைவு. மழைக்கும் காற்றுக்கும் பயந்து வண்டிக்குள்ளேயே பற்றவைப்பதுதான் கேடு. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமானவை. கசிந்தால் மேலே போகாது. வண்டியின் தரையில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். இதனால்தான் கேரவன் கட்டும் நாடுகளில் சிலிண்டருக்கு வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தனிப் பெட்டியும், அதன் தரையில் அடைக்க முடியாத ஓட்டையும் கட்டாயம்.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரையில் நடந்தது இதன் கொடிய சான்று. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனிப் பெட்டி ஒன்றை ரயிலிலிருந்து கழற்றி நிலையத்தின் அருகே நிறுத்தியிருந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் காபி போட அடுப்பைப் பற்றவைத்தபோது பெட்டி தீப்பிடித்தது. 9 பேர் இறந்தார்கள். ஓடாமல் நின்ற பெட்டி அது. தங்கியிருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் அது வீடு. ரயில்வே சட்டம், 1989இன் 164ஆம் பிரிவின்படி எரிவாயு போன்ற அபாயப் பொருளை ரயிலில் கொண்டுபோனால் 3 ஆண்டுவரை சிறை உண்டு. சட்டம் இருந்தும் சிலிண்டர் உள்ளே போயிற்று.

வேன் எடுத்துப் புறப்படும் குடும்பங்களும் சமையல் குழுக்களும் கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. வீட்டு மானியச் சிலிண்டரை எடுத்துப் போகாமல் 5 கிலோ சிலிண்டரை வாங்குங்கள். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போடுங்கள். அடுப்பை வண்டிக்கு வெளியே, சிலிண்டரை நிழலில் நிமிர்த்தி வையுங்கள். இணைத்ததும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கிழித்துச் சோதிக்காதீர்கள். கசிவு நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரையும் இறக்கிவிட்டு, இந்தியா முழுவதும் இரவும் பகலும் இயங்கும் எரிவாயு அவசர உதவி எண்ணான 1906ஐ அழையுங்கள்.