பத்துப் பேருக்கு ஒரு போன் கால்

இன்னைக்கு எபிசோடு ஒரு நண்பனோட அனுமதி வாங்கித்தான் பண்றேன். பேர் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் ஒரு ராத்திரி போன் பண்ணினான். "மச்சான், என்னால குடிய நிறுத்த முடியல. எங்க போறதுன்னும் தெரியல." நானும் எல்லா இன்ஜினியரும் பண்றதத்தான் பண்ணேன். லேப்டாப்பைத் திறந்து, சென்னையில ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் எங்க நடக்குதுன்னு தேடி, லிங்க் அனுப்பினேன். டிக்கெட் க்ளோஸ்டுன்னு நினைச்சுத் தூங்கப் போயிட்டேன்.

மூணு வாரமாகியும் அவன் போகல. ஏன்டான்னு கேட்டா, "அட்வைஸ் கேக்கவா? அது வீட்லயே தினம் கிடைக்குதே."

நியாயமான கேள்வி. அந்தக் கூட்டங்களில் அட்வைஸ் இல்லாமல் வேறு என்னதான் நடக்கிறது? அதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் 1935-க்கு வந்து சேர்ந்தேன்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்று ஒரு ஊர். அங்கே மேஃப்ளவர் ஹோட்டல். மே 11, சனிக்கிழமை. நியூயார்க்கிலிருந்து வந்திருந்த பில் வில்சன் லாபியில் நிற்கிறார். பங்குச்சந்தை ஆள். ஒரு கம்பெனியைக் கைப்பற்றும் முயற்சியில் தோற்றுப்போய், கூட வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட, பாக்கெட்டில் பத்து டாலர் அளவுக்குத்தான் மிச்சம். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. லாபியின் ஒரு பக்கம் பார், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன், பக்கத்தில் ஊரிலுள்ள சர்ச்சுகளின் பட்டியல்.

அந்த ஐந்து மாதத்தில் பில் நிறைய குடிகாரர்களைத் தேடிப்போய்ப் பேசியிருந்தார். ஒருத்தர்கூட குடியை நிறுத்தவில்லை. வீட்டில் புலம்பியபோது, நீங்க நிறுத்தியிருக்கீங்களேன்னு அவர் மனைவி லோயிஸ் சொன்னாராம். அவருக்குச் சிகிச்சை தந்த டாக்டர் சில்க்வொர்த், பிரசங்கம் பண்றதை நிறுத்துங்க என்றிருந்தார். அன்றைக்கு லாபியில் நிற்கும்போது பில்லுக்கு அது உறைத்தது: தான் குடிக்காமல் இருக்கணும்னா, இன்னொரு குடிகாரரோடு பேசியே ஆகணும். அவரைக் காப்பாற்ற இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள.

பட்டியலிலிருந்து ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். அவர் பத்துப் பேர் கொடுத்தார். ஒவ்வொருவராகப் போன் பண்ணி, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்ணிடம் வந்து நின்றது. குட்இயர் டயர் கம்பெனியைத் தொடங்கியவரின் மருமகள். அவருக்குத் தெரிந்த ஒரு சர்ஜன் இருந்தார், டாக்டர் பாப் ஸ்மித். குடியால் தொழிலே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஹென்ரியட்டா உடனே அவர் வீட்டுக்குப் போன் போட்டார். ஆனா அன்னைக்கு வர முடியல. மறுநாள் அன்னையர் தினம் என்று மனைவிக்கு ஒரு பூந்தொட்டியோட வந்த மனுஷன், அதே வேகத்தில் போதையில் விழுந்து கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்தார். பதினைந்து நிமிஷம்தான் என்று கண்டிஷன். கிளம்பும்போது மணி பதினொன்றுக்கு மேல்.

மதுவைப் பற்றி டாக்டருக்குத் தெரியாத மருத்துவம் இல்லை. ஆனால் பில் வந்து தன் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். அனுபவித்த ஒருத்தன் வாயிலிருந்து இதைக் கேட்பது பாபுக்கு அதுதான் முதல்முறை.

நம்ம தொழில்ல ரப்பர் டக் டீபக்கிங்னு ஒண்ணு உண்டு. மேஜைமேல இருக்கிற பொம்மை வாத்துகிட்ட கோடை விளக்கினாலே பக் பிடிபட்டுடும். ஆக்ரன் ரப்பருக்குப் பேர்போன ஊர்ங்கிறதால எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஆனா இங்க வாத்து போதாது. எதிர்ல இருக்கிறவரும் விழுந்து எழுந்தவரா இருக்கணும்.

பாப் உடனே திருந்திவிடவில்லை. சில வாரத்தில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய் மறுபடி குடித்தார். திரும்பி வந்ததும் ஒரு ஆபரேஷன், கை நடுங்குகிறது. நடுக்கம் நிற்க பில்லே ஒரு பாட்டில் பீர் கொடுத்தார். ஜூன் 10. அதுதான் பாபின் கடைசிக் குடி. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாகக் கணக்கு வைக்கிறார்கள். அந்த மாதமே இருவரும் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு வக்கீலைத் தேடிப்போனார்கள். அவர் மூன்றாவது ஆள். 1941-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்த பிறகு, இரண்டாயிரமாக இருந்த உறுப்பினர்கள் அதே வருஷம் எட்டாயிரம் ஆனார்கள்.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். "அப்போ நான் போனா அவங்களுக்கும் உதவியா இருக்கும்ங்கிற?" என்றான். ஆமா என்றேன். டாக்டரை மட்டும் முதல்ல பாரு என்றேன், ஏன்னா தினமும் நிறையக் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அதையும் பார்த்தோம்.

குடிநோயாளிகளுக்கு மட்டும்னு நடக்கும் கூட்டங்களும் உண்டு, யாரும் வரலாம்கிற திறந்த கூட்டங்களும் உண்டு. முதல் தடவை ஒரு திறந்த கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம் நின்றான். வெள்ளை முடியோடு ஒருத்தர் வெளியே வந்து, எந்தக் கேள்வியும் கேட்காமல் டீ கிளாஸை அவன் கையில் கொடுத்தார். உள்ளே கேட்டது எதையும் இங்கே சொல்லப்போவதில்லை, அது அங்கே இருக்கிறவர்களோடது. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தணும்கிற ஆசை மட்டும் போதும் என்றார்கள்.

அடுத்த வாரம் வண்டியை எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குக் கீழே போய் ஹார்ன் அடிச்சேன். ஆளைக் காணோம். போன் பண்ணினா எடுத்தான். "நீ வராத மச்சான். இன்னைக்குப் புதுசா ஒருத்தர் வர்றாராம், அவருக்கு வழி தெரியாது. நான் அவரைக் கூட்டிட்டுப் போயிட்டிருக்கேன்."